வெற்றுக் கட்டம்

விருந்தினர் விடுதியில் எனக்கு முன் தங்கியவர்
விட்டுப்போன பூட்ஸ்தான் எனக்கும்.
உள்ளே மார்க்கரில் ஒரு பெயர்,
பாதி குதிகாலில் தேய்ந்துபோய்.
எந்த நாட்டுக்காரரோ.
இரண்டு ஜோடி காலுறை மாட்டினால்
அவர் அளவுக்கு வந்துவிடுகிறேன்.

காலை ஏழரைக்கு முன்வாசலில் ஒனோதெரா-சான்.
காவலரா, தோட்டக்காரரா, கொதிகலன் பார்ப்பவரா,
யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.
நூலகத்துக்குப் பின்னால்
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டிய கோல் ஒன்று
நட்டுவைத்திருக்கிறார்.
குனிந்து பார்த்துவிட்டு வந்து
பலகையில் சாக்கட்டியால் எழுதுகிறார்: 84.
நேற்று 71.
நான் வணக்கம் சொல்கிறேன், அவர் எண்ணைக் காட்டுகிறார்.
எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.
பொறியியல் கட்டடச் சரிவில் நான் மல்லாந்து விழுந்தபோது
யாரும் சிரிக்கவில்லை.
மறுநாள் அந்த இடத்தில் மட்டும் மணல் தூவியிருந்தது.

வகுப்பில் ஏழு பேர். புள்ளியியல், ஆங்கிலத்தில்.
அவர்களுக்கும் அது இரவல் சட்டை, எனக்கும்.
கேள்வி உண்டா என்றால்
ஏழு தலைகளும் நோட்டுக்குள் போய்விடும்.
மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும் இடையிடையே இருமும்.
பாடநூலின் உதாரணம், மின்விளக்குகளின் ஆயுள்.
யாருக்கு வேண்டும் அது?
அந்தப் பலகை எண்களை
யாராவது எங்காவது எழுதிவைக்கிறார்களா என்று
ஒருநாள் கேட்டுவைத்தேன்.
திங்களன்று நருமி அட்டைப்பெட்டியோடு வந்தாள்.
பத்தொன்பது குளிர்காலம், பத்தொன்பது நோட்டு.
ஒன்றில் தேநீர் வட்டம்.
ஒன்றின் கடைசிப் பக்கத்தில் குதிரைப் பந்தயக் கணக்கு.

ஒரு வாரம் உட்கார்ந்து தட்டினாள்.
திரையில் கோடு ஏறி ஏறிப் போய்
ஒரு பிப்ரவரியில் தடாலென்று தரையில் விழுந்தது.
மறுநாள் மறுபடி மலை.
ஒரே இரவில் உருகியதா, என்றேன்.
"அன்றைக்குக் கட்டம் காலி, சென்செய்.
அதனால் பூஜ்யம் போட்டேன்."

எல்லோருமாய்க் கொதிகலன் அறைக்குப் போனோம்.
ஒனோதெரா-சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தன் கையெழுத்தையே அந்நியன்போல் பார்த்தார்.
பிறகு பேசினார், அந்த மலைப்பக்கத்துப் பேச்சில்.
டோக்கியோவிலிருந்து வந்திருக்கும் ஹாட்டோரிக்கே
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
நருமி இந்த ஊர்க்காரி.
சிரித்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு மொழிபெயர்த்தாள்:
"அன்று கோல் தெரியவில்லையாம்.
எங்கே நட்டோம் என்பதே தெரியவில்லையாம்.
மூன்று மணி நேரம் தோண்டிப் பார்த்தாராம்.
இருட்டிவிட்டதாம்."
கோலின் உயரம் இரண்டரை மீட்டர்.

வகுப்புக்குத் திரும்பி என்ன சொன்னேன் என்று
சரியாக நினைவில்லை, விடுபட்ட தரவு பற்றி ஏதோ.
அந்தப் பருவத்தில் முதன்முறையாக ஒரு கை உயர்ந்தது.
ஹாட்டோரி.
"அப்படியானால் பூஜ்யத்தை என்ன செய்வது?"
அழித்துவிடு.
"அழித்துவிட்டு?"
எனக்கும் தெரியவில்லை என்றேன்.
ஏழு பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிரவு போனில் நீ கேட்டாய்,
இருபது நாளாய் ஒரு வரிகூட இல்லையே,
எழுத அங்கே ஒன்றுமே நடக்கவில்லையா என்று.
கூரைப் பனி மொத்தமாய்ச் சரிந்து விழுந்தது அப்போது.
ஜன்னல் அதிர்ந்து நின்றது.
"என்ன அது?" என்றாய்.
சொல்லத் தொடங்கினேன்,
அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்து
அறை சில்லிட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச். பலகையில் 31, 22, 9.
நூலகத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் முளைக்கிறது.
முதலில் ஹேண்டில்பார், இரண்டு நாள் கழித்து இருக்கை,
அப்புறம் பூட்டு,
டிசம்பரில் யாரோ பூட்டியது, பூட்டியபடியே.
ஒனோதெரா-சான் கையுறையைக் கழற்றி
மணியை அடித்துப் பார்க்கிறார்.
அடிக்கிறது,
கொஞ்சம் கரகரப்பாய்.